கியர்பொக்ஸை இறக்காமலே கோளாறைப் பிடிக்கும் ஒரு டிக்கோயா கராஜ்

மலைநாட்டில் தானாகக் கியர் மாறும் பழைய கெப் (பிக்அப் வண்டி) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கெப்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025இல் மறுபடி திறந்தார்கள், ஆனாலும் என்னைப் போன்ற ஆட்களுக்குப் புதியது எட்டாத விலைதான். இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும். அதற்கு ஒழுங்காகக் கோளாறு பார்க்கத் தெரிந்த ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், வேண்டும்.

என்னுடையது 2006 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், 3 லீட்டர் டீசல், 4 கியர் ஆட்டோ. விதை உருளைக்கிழங்கும் உரமும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் போகிற வண்டி. ஹட்டனில் புறப்படும்போது ஒரு குறையும் தெரியாது. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் சூடேறியதும் தொடங்கும். முதல் கியரில் கத்திக்கொண்டு போகும், பிறகு கியர் மாறியதும் இழுவையே இல்லாமல் அமுங்கிவிடும். வேகம் விழுந்தால் மறுபடி முதல் கியர், மறுபடி கத்தல். ஓவர்டிரைவ் (நாலாம் கியர்) ஓஃப் லைட் வேறு, கோளாறு என்று மின்னிக்கொண்டிருக்கும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் எதுவும் நடக்காதது போல ஓடும்.

டவுனில் ஒரு இடத்தில் காட்டினேன். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைக்கூட இழுத்துப் பார்க்காமல், "கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் ஒன்று போடுவோம்" என்று பல லட்சத்துக்குக் கணக்குச் சொன்னார்கள். வண்டியை ஓட்டியும் பார்க்காமல் அப்படிச் சொன்னது எனக்கு ஏற்கவில்லை.

டிக்கோயாவில் இருப்பது சின்ன கராஜ், தகரக் கூரை, இரண்டு வண்டிக்குத்தான் இடம். ஆனால் முன்னால் மட்டம் பார்த்துப் போட்ட ஒரு சிமெந்துத் தளம் இருக்கிறது. நம் ஊரில் சமதரை கிடைப்பதே பாடு, சரிவில் நிற்கும் வண்டியில் கியர் ஒயிலின் அளவு சரியாகத் தெரியாது. அந்தத் தளத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பாஸ் முதலில் கேள்விதான் கேட்டார். "சூடானாத்தானா அண்ணே? ரிவர்ஸ் எப்படி? இறக்கத்திலும் செய்யுதா?" அப்புறம் தானே ஓட்டினார், ஏற்றத்தில், கோளாறு வரும் வரைக்கும். திரும்பி வந்து இன்ஜினை ஓடவிட்டபடி பிரேக்கை மிதித்து லீவரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய், பார்க் (P) நிலையில் வைத்து ஒயிலைப் பார்த்தார். சூடான அளவுக்கான கோட்டில் சரியாக இருந்தது. வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார்: கொஞ்சம் மங்கிய சிவப்பு, கருகிய வாசம் இல்லை. கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் எரிந்திருந்தால் ஒயில் கறுத்து, தீய்ந்த நாற்றம் வரும் என்றார்.

ஸ்கேனர் இரண்டாம் ஷிப்ட் சொலினொய்டின் (கியர் மாற்ற ஒயில் போகும் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) சர்க்கிட்டில் கோளாறு என்று காட்டியது. பலர் இதோடு நிறுத்தி பாகத்தை மாற்றிவிடுவார்கள். இவர் நிறுத்தவில்லை. இந்த கியர்பொக்ஸில் இரண்டு ஷிப்ட் சொலினொய்டுகள் சேர்ந்து நான்கு கியரையும் தேர்வு செய்கின்றன. இரண்டாவது செத்தால் இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும் கிடைக்காது, முதலிலிருந்து நேரே நாலுக்குத் தாவும். ஏற்றத்தில் வண்டி அமுங்கியது அதனால்தான். இதை அவர் பொறுமையாகச் சொன்னபோது, இத்தனை நாள் காதில் கேட்ட சத்தம் அத்தனைக்கும் அர்த்தம் புரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் என் மனதில் நிற்கிறது. சொலினொய்ட் வயர் சொக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார். மின்சாரம் இல்லாதபோது இந்த கியர்பொக்ஸ் லீவர் வைக்கிற இடத்துக்கு ஏற்ப ஓடும்: L இல் முதல் கியர், 2 இல் மூன்றாம் கியர், D இல் நாலாம் கியர். மூன்றும் வழுக்காமல் பிடித்தன. "உள்ளே இரும்பு நல்லா இருக்கு அண்ணே, கரண்ட்தான் கோளாறு" என்றார். பிறகு மல்டிமீட்டர். ஆறிய நிலையில் இரண்டு சொலினொய்டும் 13 ஓமுக்குப் பக்கம், அது சரியான அளவு. சூட்டில் ஒன்றில் தொடர்பு அப்படியே இருந்தது, இரண்டாவதில் அறுந்துபோனது. ஆறியதும் திரும்பி வந்தது. வயரில் பழுது இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் சொக்கெட்டிலிருந்து கியரைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டர் வரைக்கும் வயரைத் தனியாகச் சோதித்துக் காட்டிய பிறகுதான் அது தீர்ந்தது.

சொலினொய்ட் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது. கியர்பொக்ஸின் அடியில் இருக்கும் ஒயில் பேனை (ஒயில் தட்டை)க் கழற்றினாலே கைக்கு எட்டும் இடம், கியர்பொக்ஸை இறக்க வேண்டியதில்லை. பேனிலிருந்த காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும்தான், இரும்புத் துண்டு எதுவும் இல்லை. வடிகட்டியையும் கேஸ்கட்டையும் மாற்றி, வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் வகை ஒயிலையே ஊற்றினார். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஒயில் இல்லை என்பதில் அவர் மிகக் கறார், அது எனக்குப் பிடித்தது. எல்லாம் சேர்த்து வந்த செலவு, டவுனில் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது நானுஓயா ஏற்றத்தைச் சுமையோடு ஓவர்டிரைவை ஓஃப் பண்ணிக்கொண்டு ஏறுகிறேன். மூன்றுக்கும் நாலுக்கும் இடையே அலையாமல் இழுக்கிறது, ஒயிலும் அவ்வளவு சூடாவதில்லை.

குறைகளும் உண்டு. வேலையில் இருக்கும்போது போன் எடுக்கமாட்டார். பாகம் கொழும்பிலிருந்து வரும் வரைக்கும் வண்டி அங்கேயே மழையில்தான் நிற்கும், மூடிய இடம் இல்லை. காசு மட்டும்தான், கார்ட் கிடையாது. கேட்டால்தான் பில் எழுதித் தருகிறார், கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சோதனைக்குத் தனியாகக் காசு எடுக்கிறார், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஐரோப்பிய வண்டிகளை அவரே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

போவதாக இருந்தால் முதல் நாள் மாலையில் நேரில் போய் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால், கொஞ்ச தூரம் ஏற்றம் ஓட்டிச் சூடாக்கியே கொண்டுபோங்கள். ஆறிய வண்டியை அவர் தொடுவதில்லை.