ஒளியா, வெறுமையா: சாந்தெனியும் பாந்தெனேயும்

"பரிசுத்த அலங்காரத்துடனே கர்த்தரைத் தொழுதுகொள்ளுங்கள்" என்கிறது 96ஆம் சங்கீதம். சரி, அந்த அலங்காரம் எது? 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் இதற்கு இரண்டு பதில்கள் கல்லிலேயே எழுந்தன.

பாரிசுக்கு அருகிலுள்ள சாந்தெனி மடத்தின் தலைவர் சூழே. கடவுளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்பது அவர் எண்ணம். 1144இல் அர்ச்சிக்கப்பட்ட புதிய பீடப்பகுதியில் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வைத்தார். வெயில் ஏறினால் தரையில் நீலமும் சிவப்பும் படரும். பழங்காலத்து மணிக்கல் கிண்ணம் ஒன்றுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் அடியும் கைப்பிடிகளும் கட்டி, மணிகள் பதித்து, திருப்பலிக்குக் கிண்ணமாக்கினார். இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்டுக்கு இந்தப் போக்கே பிடிக்கவில்லை. கோயில் சுவர் மின்னுகிறது, ஏழை பசியோடு நிற்கிறான் என்று கண்டித்தவர் அவர். எளிய வாழ்வை வற்புறுத்திய துறவற சபை அவருடைய சிஸ்டெர்சியன் சபை. அதற்காக பர்கண்டிப் பகுதியில் கட்டி, 1147இல் அர்ச்சிக்கப்பட்ட பாந்தெனே மடத்து ஆலயத்தில் கோபுரம் கிடையாது, சிற்ப ஆடம்பரமும் கிடையாது. வெறுங்கல், கூர் வளைவு, சாளரம் வழியே வரும் வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். அப்புறம், அன்று துறவிகள் பாடிய சங்கீதம்.

சூழேயின் தாராள மனசு உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஒரு திருவிழா நாளுக்குச் சாந்தெனியைத்தான் கேட்பேன். தினந்தோறும் ஜெபிக்க என்றால் பாந்தெனேதான். அங்கே கண்ணை இழுக்க ஒன்றுமில்லை, மனசு தானாக முழங்காலிடுகிறது.