டிராலரா, டிரிஃப்டரா?

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை மீன்பிடிக் கப்பல்களை ஆளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தது. டிராலர் கடலடியில் கனமான வலை இழுப்பது. வலையை இழுக்கும் அதே வின்ச்சில் (சுழல் உருளையில்) வலைக்குப் பதில் எஃகுக் கம்பி. கடலில் கிடக்கும் கண்ணிவெடிகளை வாரி அகற்றத் தயார். என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான வாடகை.

டிரிஃப்டர் சின்னது. வலையை மிதக்கவிட்டுக் காத்திருக்கும். ஹெர்ரிங் மீனுக்குப் பதில் நீர்மூழ்கிக்கு எஃகு வலை விரித்தார்கள். சரி, எதிரி நேரில் வந்தால்? வலையோடு கிடக்கும் கப்பல் எங்கே ஓடும்! 1917 மே 15 அன்று இத்தாலிக்கும் அல்பேனியாவுக்கும் இடையிலுள்ள ஒட்ராண்டோ நீரிணையில் ஆஸ்திரிய-ஹங்கேரிய குரூசர்கள் (வேகப் போர்க்கப்பல்கள்) 14 டிரிஃப்டர்களை மூழ்கடித்தன. கப்பலைவிட்டு இறங்கச் சொல்லி எதிரி மிரட்டியும் கேட்காத 'கோவன்லீ' டிரிஃப்டரின் தலைவர் ஜோசப் வாட், தன் ஒரே சிறு பீரங்கியால் திருப்பிச் சுட வைத்தார். அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.