அப்பாவின் பழைய சட்டையில் போர்வை: காட்டனா, டெரிகாட்டனா?

அலமாரியில் கிடக்கும் ஆபீஸ் சட்டைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தால் முதல் கேள்வி இதுதான். காட்டன் என்றால் இஸ்திரி போட்டதும் மடிப்பு அப்படியே நிற்கும், தைக்கும்போது நழுவாது, வியர்வையை இழுத்துக்கொள்ளும், பல வருடம் துவைத்த சட்டை என்பதால் சுருங்கும் பயமும் அதிகம் இல்லை. ஆனால் கழுத்து, தோள் பக்கம் நைந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

டெரிகாட்டன் என்றால் பாலியஸ்டர் கலந்த காட்டன்; சாயம் எளிதில் போகாது, சீக்கிரம் காயும். வருடத்தில் 2 பருவமழையும் வாங்கும் நாகர்கோவில் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை, ஐப்பசியில் காட்டன் போர்வை துவைத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இஸ்திரிச் சூடு கூடினால் டெரிகாட்டன் பளபளத்துப்போகும், அப்புறம் புழுக்கம் வேறு.

என் ஓட்டு காட்டனுக்குத்தான். முதுகுப் பக்கம் பெரிய துண்டு கிடைக்கும். ஒரு பையை மட்டும் பிரிக்காமல் விடுங்கள், பிள்ளைகள் மிட்டாய் ஒளித்து வைக்கட்டும்.