எட்டு மாதம் என்னிடம் இருந்த குறுகிய காலக் காப்பீடு

2019 ஏப்ரலில் ஹூஸ்டனில் பார்த்துவந்த வேலை போனது. பழைய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டை கோப்ரா வழியாக, அதாவது வேலை போனபின் முழுத் தொகையையும் நாமே கட்டித் தொடரும் சட்ட ஏற்பாட்டின்படி, தொடர மாதம் 690 டாலர் கேட்டார்கள். இணையத்தில் ஒரு குறுகிய காலத் திட்டம் 138 டாலருக்குக் கிடைத்தது. பத்தே நிமிடத்தில் விண்ணப்பம் முடிந்து, மறுநாளே அட்டை மின்னஞ்சலில் வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த வகைத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் சமையலறையில் விரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன். நான்கு தையல். நான் கட்டியது 50 டாலர்தான், மீதியை அவர்கள் மறுபேச்சின்றிக் கொடுத்தார்கள். தொலைபேசியில் பேசியவர்களும் மரியாதையாகவே பேசினார்கள்.

ஆகஸ்டில் சிறுநீரகக் கல். விடியற்காலை மூன்று மணிக்கு வலி தாங்காமல் என் மனைவி எமர்ஜென்சிக்கு அழைத்துப்போனார். ஸ்கேனும் மருந்தும் சேர்ந்து 11,400 டாலர் பில். ஆறு வாரம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: முன்பே இருந்த நோய், பணம் தர இயலாது. 2016இல் வழக்கமான பரிசோதனை ஒன்றில் ‘சிறிய கல் தெரிகிறது’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்ததாம். விண்ணப்பத்தில் புற்றுநோய், இதயம், சர்க்கரை என்று கேட்டார்களே தவிர கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்ட எதற்கும் பணம் இல்லை என்ற விதி ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தது. இது ஒபாமாகேர் சட்டத்துக்கு உட்படாத திட்டம் என்ற எச்சரிக்கையும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. படித்தேன். அதன் பொருள் என் உடம்பில் இறங்கும் என்று எண்ணவில்லை.

நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2010இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒபாமாகேர் சட்டத்தை இயற்றிய நாட்டில் இப்படி ஒரு பொருள் எப்படி விற்பனைக்கு வந்தது? பில்லை மேசைமேல் வைத்துக்கொண்டு பல இரவுகள் இதைத்தான் தேடிப் படித்தேன். 1996இல் வந்த ஹிப்பா என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ‘குறுகிய காலக் காப்பீடு’ என்பதைத் தனிநபர் காப்பீட்டு வரையறைக்கு வெளியே வைத்தது; அதனால் தனிநபர் காப்பீட்டுக்கான விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. குறுகிய காலம் என்றால் எத்தனை நாள் என்று மட்டும் சொல்லவில்லை. 2010இலும் அந்த ஓட்டை அடைக்கப்படவில்லை. ஒபாமா அரசு 2016இல் மூன்று மாதத்துக்குக் குறைவு என்று விதி செய்தது. ஒபாமாகேரைக் கலைக்கும் முயற்சி 2017 ஜூலையில் செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று அதிபர் டிரம்ப் 13813ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆணை தானாகவே எதையும் மாற்றவில்லை. விதியைத் தளர்த்துவது குறித்துப் பரிசீலியுங்கள் என்று துறைச் செயலர்களுக்குச் சொன்னது, அவ்வளவுதான். 2018 ஆகஸ்டில் புதிய விதி வந்தது: 364 நாள் வரை விற்கலாம், நீட்டித்தால் 36 மாதம். நான் வாங்கியது அந்த விதியின் பிள்ளை.

36 மாதத்தைக் ‘குறுகிய காலம்’ என்பது எனக்கு இன்றும் ஏற்பில்லை. 2020 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று அந்த விதி செல்லும் என்றது. தீர்ப்பைப் பற்றிப் படித்தபின் என் கோபம் இடம் மாறியது. ஆணை பிறப்பித்தவரைவிட, ஒரு சொல்லுக்கு அளவு சொல்லாமல் இருமுறை நழுவவிட்ட காங்கிரஸ்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் வெள்ளை மாளிகைக்கு யார் வருகிறாரோ அவர் அளவு சொல்கிறார். பைடன் அரசு 2024இல் மூன்று மாதம், நீட்டிப்போடு நான்கு மாதம் என்று சுருக்கியது. 2025 ஆகஸ்டில், அந்தக் கட்டுப்பாட்டை அமல்படுத்துவதற்கு முன்னுரிமை தரப்போவதில்லை என்று துறைகள் அறிவித்தன. வாங்குகிறவர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: இந்தப் பொருளின் ஆயுள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது.

இன்னொன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வேலை போன 60 நாளுக்குள், ஒபாமாகேர் திட்டங்கள் விற்கும் அரசுச் சந்தையில் முழுமையான காப்பீடு வாங்க எனக்கு உரிமை இருந்தது. அந்தக் கெடு முடிந்தபின் குறுகிய காலத் திட்டத்தை விட்டு விலகினாலும் அந்த உரிமை திரும்பாது. சந்தை எல்லோருக்கும் திறக்கும் நவம்பர் வரை காத்திருந்தேன்.

அடுத்த வேலையின் காப்பீடு தொடங்கும் தேதி கையில் இருந்து, பழைய மருத்துவக் குறிப்பு எதுவுமே இல்லாதவர் ஓரிரு மாதத்துக்கு வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம், அந்த நான்கு தையலுக்காக.

2020 ஜனவரி முதல் என்னிடம் சந்தையில் வாங்கிய, ‘வெள்ளி’ என்ற நடுத்தர நிலைத் திட்டம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.