செம்பா, துத்தநாகமா? எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு எந்த உலோகம்

மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் என்னைப் போல ஷிஃப் பேஸில் (ஆல்டிஹைடும் அமினும் சேர்ந்து உருவாகும் சேர்மம்) இறங்கி, அதோடு உலோகத்தைச் சேர்த்துக் கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு லிகண்ட், அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு, ஒரு பிரச்சினையே இல்லை. சூடான எத்தனாலில் சாலிசிலால்டிஹைடைக் கரைத்து எத்திலீன்டைஅமினைச் சொட்டுச் சொட்டாக விட்டால், மஞ்சள் செதில்கள் கண்ணெதிரே வந்து நிற்கும். அப்புறம் எந்த உலோகத்தைப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

எல்லாருக்கும் செம்பு மேல்தான் ஆசை. காப்பர் அசிடேட் சேர்த்ததும் கரும்பச்சை ஆகிவிடும், பாக்டீரியா தட்டில் அதை டிஸ்கில் (சின்னக் காகித வில்லை) ஏற்றி வைத்தால் சுற்றிலும் கிருமி வளராத வட்டமும் பெரிதாக விழும். துத்தநாகம் கொடுப்பது வெளிர் மஞ்சள் பொடி, வட்டமும் பெரும்பாலும் சின்னது. ஆனால் வைவாவில் 'இதுதான் நீ செய்த பொருள் என்று எப்படிச் சொல்கிறாய்' என்று கேட்டால் துத்தநாகம்தான் கைகொடுக்கும். செம்பில் இணை சேராத எலக்ட்ரான் இருப்பதால் என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) கோடுகள் அகன்று கலங்கிப்போகும். துத்தநாகத்தில் கோடுகள் சுத்தமாக வரும், லிகண்டில் 13 பி.பி.எம். பக்கம் இருந்த ஓ.எச். சிக்னல், உலோகமும் லிகண்டும் சேர்ந்த காம்ப்ளெக்ஸில் காணாமல் போயிருப்பதை விரல் வைத்தே காட்டலாம்.

அந்தப் பெரிய வட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். வெறும் காப்பர் அசிடேட்டே கிருமியைக் கொல்லும். அதே மோல் அளவு உப்பை இன்னொரு டிஸ்கில் வைத்தேன், ஏறக்குறைய அதே வட்டம்! ஆறு மாத உழைப்பு எங்கே போனது? போதாததற்கு, தட்டில் கிருமிக்கு உணவாக ஊற்றும் முல்லர் ஹின்டன் அகரில் இருக்கும் அமினோ அமிலங்களும் செம்பைப் பிடித்து இழுக்கும். அடுத்து, தெரிந்த ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டு 'சிப்ரோஃபுளோக்சசினுக்கு இணையானது' என்று எழுதும் பழக்கம். அந்த டிஸ்கில் இருப்பது 5 மைக்ரோகிராம், நாம் வைப்பது 100.

வெள்ளி? தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு மருந்துக்கடையிலேயே இருக்கிறது, வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெளிச்சம் பட்டால் கறுக்கும், குளோரைடைக் கண்டால் வீழ்படிவாகும், விலையும் நமக்குக் கட்டாது.

டிஸ்க் முறையா, எம்.ஐ.சி.யா (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைத் திரவத்தில் கண்டுபிடிப்பது) என்றால், காசிருந்தால் எம்.ஐ.சி. டிஸ்கில் மருந்தின் வீரியத்தோடு அது அகருக்குள் எவ்வளவு பரவுகிறது என்பதும் சேர்ந்துதான் வட்டமாகிறது. தண்ணீரில் கரையாத காம்ப்ளெக்ஸ் நல்லதாகவே இருந்தாலும் டிஸ்கிலேயே உட்கார்ந்துவிடும். எம்.ஐ.சி.யிலும் தொல்லை உண்டு, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த காம்ப்ளெக்ஸ், கிருமி வளரும் திரவத்தில் விழுந்ததும் கலங்கினால் அது வீழ்படிவா, கிருமியா என்று தெரியாது. ரெசசூரின் என்ற சாயத்தை விட்டால், சோதனைத் தட்டில் கிருமி உயிரோடு இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். பச்சைச் செம்புக் கரைசலில் அதைப் பார்ப்பது சிரமம், துத்தநாகத்தில் தெளிவாகத் தெரியும்.

எதை எடுத்தாலும் காலண்டரைப் பார்த்துவிட்டுத் தட்டு வையுங்கள். 16 முதல் 18 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டியதை, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மாலை வைகைக்கு அக்கரையில் இருக்கும் லேபில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கூட்டத்தில் கோரிப்பாளையம் பக்கம் நெருங்கவே முடியவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனால் வட்டத்தின் ஓரமெல்லாம் புகைபோலக் கிருமி, ஸ்கேலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.