பீச் பாய்ஸ் பாட்டை நேரில் கேட்பது: பல வருட அனுபவம்

அமெரிக்கப் பாட்டுக் குழுவான பீச் பாய்ஸின் பாட்டை இன்றைக்கு நேரில் கேட்க நினைப்பவர்கள் முதலில் டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குழுப் பெயரில் கச்சேரி நடத்தும் உரிமை, குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக் லவ்விடம் இருக்கிறது. அவர் மகன் கிறிஸ்டியன் லவ் கிடாரோடு கூடப் பாடுகிறார். தொடங்கியவர்களில் இன்னொருவரான அல் ஜார்டின் தன் அணியோடு தனியாக வருகிறார், அவர் பக்கத்தில் மகன் மேட் ஜார்டின். இரண்டையும் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். குழந்தைகளோடு போய் அலை, கார், கோடை என்று ஆடிப்பாடிவிட்டு வர மைக் லவ் கச்சேரி அருமை. பாட்டுக்குள் இருக்கும் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் ஜார்டின்கள்தான்.

2012-இல் குழுவின் ஐம்பதாம் ஆண்டுக்காக அதன் முதன்மை இசையமைப்பாளர் பிரையன் வில்சன், மைக், அல், குழுவைச் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன், டேவிட் மார்க்ஸ் எல்லோரும் ஒன்றாக மேடையேறினார்கள். பிரையனின் தம்பிகளான, 1983-இல் இறந்த டென்னிஸும் 1998-இல் இறந்த கார்லும் திரையில் பாட, மேடையில் இருந்தவர்கள் அந்தப் பதிவுக் குரல்களுக்குப் பின்பாட்டு பாடினார்கள். அந்தச் சில நிமிடங்கள் தாங்க முடியாதவையாக இருந்தன. மற்றபடி அது திருவிழா.

என் மனதில் நிற்பது 2016 மே, லண்டன் பலேடியம் அரங்கில் நடந்த பிரையனின் கச்சேரி. பீச் பாய்ஸின் பெட் சவுண்ட்ஸ் ஆல்பத்துக்கு அப்போது ஐம்பது வயது. பிரையன் வெள்ளைப் பியானோ முன்னால் உட்கார்ந்து, திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பாடினார். மூச்சு குறைந்துவிட்டது; நீண்ட வரிகளை வெட்டி வெட்டித்தான் முடித்தார். டோன்ட் வொரி பேபி பாட்டு வந்ததும் அவர் பாடவில்லை, அன்று அவர் அணியில் இருந்த மேட் பாடினார். 1964-இல் பிரையன் தன் இருபதுகளின் தொடக்கத்தில் தொட்ட அந்த உச்சக் குரல், கொஞ்சமும் பிசகாமல் மேடையின் இன்னொரு மூலையிலிருந்து வந்தது. பிரையன் பியானோவில் கை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா பெயரை வைத்துப் பிள்ளை பிழைக்கிறார் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. மேட் பாடுவது அப்பாவின் பங்கை அல்ல, அப்பாவின் நண்பருடைய பங்கை. அல் தன் பங்கைத் தானே பாடிக்கொள்கிறார். ஸ்லூப் ஜான் பி பாட்டைக் குழுவுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். எண்பதைத் தாண்டியும் குரலில் துரு ஏறவில்லை. இந்தக் குழு ஹாத்தோர்ன் நகரில் ஒரு வீட்டில் தொடங்கியது: அண்ணன் தம்பி மூவர் (பிரையன், டென்னிஸ், கார்ல்), அவர்களுடைய அத்தை மகன் மைக், கூடப் படித்த அல். குடும்பக் குரல்கள் ஒன்றோடொன்று இழைவதில்தான் இதன் உயிரே இருக்கிறது. அந்த இழைவு அடுத்த தலைமுறைக்குப் போவதில் எனக்கு முழுச் சந்தோஷம்.

வாத்தியக்காரர்களையும் கவனியுங்கள். பிரையன் அணியின் புரோபின் கிரெகரி டிரம்பெட்டை வைத்துவிட்டு பிரெஞ்சு ஹார்னை எடுப்பார், அப்புறம் கிடார். குட் வைப்ரேஷன்ஸ் பாட்டில் வரும் ஊளையிடும் ஒலியும் அவர் கையிலிருந்துதான். காட் ஒன்லி நோஸ் பாட்டு 1966-இல் கார்ல் பத்தொன்பது வயதில் பாடியது. பலேடியத்தில் அதைப் பிரையன் தழுதழுத்த குரலில் பாடி முடித்தபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.

2022-க்குப் பிறகு பிரையன் மேடையேறவில்லை. 2025 ஜூன் 11-இல் காலமானார். அந்தக் கோடையிலேயே அவருடைய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பெட் சவுண்ட்ஸ் பேண்ட் என்ற பெயரோடு அல் கிளம்பினார். 1977-இல் வந்த பீச் பாய்ஸின் லவ் யூ ஆல்பத்திலிருந்தும் பாட்டுகள் எடுத்துக்கொண்டார். ஹிட் பாட்டுகள் மட்டும் தெரிந்தவர்கள் போகும் முன் அந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. முன்வரிசைக்குப் பணம் கொட்டாதீர்கள். அங்கே டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் குரல்களை விழுங்கிவிடும். திறந்தவெளி மைதானம் ஒன்றில் ஹார்மனியில் பாதியைக் காற்றே கொண்டுபோனது. கூரையுள்ள அரங்கமாகப் பார்த்து, சவுண்ட் மிக்ஸர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சீட் எடுங்கள். அல்லுக்கு எண்பது தாண்டிவிட்டது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.