விதை இறங்காத பையனுக்கு: காத்திருப்பா, ஊசியா, ஆபரேஷனா?

முதலில் கண்டுபிடித்தது என் அம்மாதான். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில், பையனைக் கால்மேல் போட்டு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "கண்ணு, எடது பக்கம் பை காலியா இருக்குது பாரு."

வயிற்றுக்குள்ளிருந்து பைக்குள் இறங்கியிருக்க வேண்டிய இடது விதை, அதாவது விந்தகம், அங்கே இல்லை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. தானாக இறங்கும், விடு. ஹார்மோன் ஊசி போடு. ஆபரேஷன் பண்ணிவிடு. நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம், அதனால் என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஊசியை நாங்கள் பையனுக்குப் போட்டுப் பார்த்ததில்லை. எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை வாரக்கணக்கில் குத்துவார்கள். பலன் குறைவு, இறங்கியது திரும்ப மேலே ஏறிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலே இதைப் பரிந்துரைப்பதில்லை. எங்கள் டாக்டரும் அந்தப் பேச்சை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கெடுவோடு. மாதம் நிறைந்து பிறக்கும் பையன்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி இருக்கும். குறைமாதத்தில் நூற்றுக்கு 30 வரை போகும். விதை தொடை இடுக்கைத் தாண்டிப் பைக்குள் வருவதே 25-வது வாரத்திலிருந்து 35-வது வாரத்துக்குள்தான். எனக்கு பிபி ஏறி 34-வது வாரத்தில் பிரசவம். அதனால் டாக்டர் ஆறு மாதக் கெடுவைப் பிறந்த நாளிலிருந்து எண்ணவில்லை, எனக்குக் குறித்திருந்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணினார். அதற்குள் இறங்காதது அப்புறம் தானாக இறங்குவது அபூர்வம்.

"எங்க பங்காளி பையனுக்கு மூணு வயசுல வந்துருச்சுங்" என்று ஊரில் ஒருவர் அடித்துச் சொன்னார். இருக்கலாம். குளிருக்கு மேலே ஏறி, சூட்டுக்குக் கீழே வரும் வகை ஒன்று உண்டு, அதற்கு ஆபரேஷனே வேண்டாம். எங்கள் பையனுக்கு வெந்நீரிலும் வரவில்லை. டாக்டர் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இடுக்கிலிருந்து விரலால் மெல்ல வழித்துப் பார்த்தார். பாதி வழியில் சிக்கியது. ஸ்கேன்கூட எழுதவில்லை.

எங்களை முடிவெடுக்க வைத்தது வயசு. பை, உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். விதை உள்ளேயே வெந்துகொண்டிருந்தால், பின்னாளில் விந்தணு ஆகவேண்டிய செல்கள் ஒரு வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஒன்றரை வயதுக்குள் முடிக்கச் சொல்வது அதனால்தான். புற்றுநோய்க் கணக்கும் உண்டு. 2007-ல் வந்த ஸ்வீடன் ஆய்வில், 13 வயதுக்குள் ஆபரேஷன் ஆனவர்களுக்கு விதைப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் போனவர்களுக்கு ஐந்து மடங்கு. அந்த நோயே அரிது என்பதால் பயந்து சாக வேண்டாம். ஆனால் "பள்ளிக்கூடம் போறப்ப பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆபரேஷனில் எனக்குக் கஷ்டமாக இருந்தது மயக்க மருந்துக்கு முந்தைய நான்கு மணி நேரம் தாய்ப்பால் கொடுக்காமல் இருந்ததுதான். இடுக்கில் ஒன்று, பையில் ஒன்று என இரண்டு சின்ன வெட்டு, சாயங்காலமே வீடு. இரண்டு வாரம் இடுப்பில் கால் விரித்து உட்காரவைத்துத் தூக்கக் கூடாது என்றார்கள். ஒக்கலிலேயே வளர்ந்த பிள்ளை! மாமனார்தான் தோளில் சாய்த்துக்கொண்டே திரிந்தார்.

செலவைப் பற்றி அதிகம் பேச என்னிடம் இல்லை. நாங்கள் தனியாரில் பார்த்தோம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தைகள் அறுவைப் பிரிவு உண்டு.

"மஞ்சக் காட்டுல மருந்தடிக்கறப்ப நீ நின்னீல்ல, அதான்" என்றும் ஒரு வழக்கு வந்தது. குறைமாதம், எடைக் குறைவு, தாய் புகைப்பது, கர்ப்பகாலச் சர்க்கரை, வாரக்கணக்கில் வலி மாத்திரை, இதையெல்லாம் ஆய்வுகள் இதோடு சேர்த்துப் பேசுகின்றன. பூச்சிமருந்தையும் ஆராய்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையைக் காட்டி, இதனால்தான் என்று விரல் நீட்ட முடியாது. இரண்டாவது முறை உண்டானபோது தலைவலி மாத்திரையைக் கடையில் நானாக வாங்கவில்லை, காய்ச்சலுக்கு டாக்டரைக் கேட்டே பாராசிட்டமால் போட்டேன், மருந்தடிக்கிற நாளில் காட்டுப் பக்கம் போகவில்லை. பழியை ஏற்றுக்கொண்டு அல்ல, அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதால்.

மூத்திரத் துளை நுனியில் இல்லாமல் அடியில் இருக்கிற பிள்ளைகளுக்கு வேறு ஆபரேஷன், அதில் எனக்கு அனுபவம் இல்லை. டாக்டர் சொன்ன ஒன்றை மட்டும் பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவிடம் சொல்லிவைத்தேன்: அப்படி இருந்தால் சுன்னத்தைத் தள்ளிப்போட வேண்டும், சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும். அதோடு விதையும் இறங்கவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.